கானின் பின்பக்கம்

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ரயில் பாதையைத் தாண்டாமல் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது என்னுடைய கடை. மோட்டார் உதிரிப்பாகங்கள், எஞ்சின் ஒயில், பற்றறித் தண்ணீர், கண்ணாடி துடைக்கிற துணி, இவைதான் வியாபாரம். ஒயில் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். பிறகு ஒயில் அடைத்து வருகிற கானின் முன்பக்கத்திலுள்ள பந்தயக் காரின் படத்தைப் பார்ப்பார்கள். படம் பிடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போவார்கள். இத்தனை வருட வியாபாரத்தில் கானைத் திருப்பிப் பின்பக்கம் முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு விலை கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று இந்தக் கடையில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பெயர் வேண்டாம். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். வட்டுக்கோட்டையில் வயல் பக்கமாக வீடு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள். மெலிந்த உடம்பு, எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிய சட்டை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனை வைத்திருக்கிற இடத்தில் அவர் ஒரு வட்டமான பூதக்கண்ணாடி வைத்திருந்தார்.

அந்தக் கண்ணாடிக்கு ஓய்வே இல்லை. தேர்தல் காலத்தில் யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாக்குறுதிகளை விட்டுவிட்டு அடியில் இருக்கிற அச்சகத்தின் பெயரை வாசிப்பார். கலியாண அழைப்பிதழைத் திருப்பிப் பார்ப்பார். மருந்துக்கடையில் அவர் நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அவரைச் சந்தேகப் பிராணி என்று அவருக்குக் கேட்கவே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் கோபிக்காமல் தலையாட்டுவார்.

ஒரு வருடம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்கு என் கடையின் பெயர் போட்டுக் கலண்டர் அடித்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார், நல்லாய் இருக்கிறது என்றார், உடனே கண்ணாடியை வெளியே எடுத்தார். கால் மணித்தியாலம் கழித்து, பௌர்ணமி நாளான சித்திரைப் பறுவம் ஒரு நாள் பிந்தி அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். தாயை இழந்தவர்கள் விரதம் பிடிக்கிற நாள் அது. கலண்டர்களை நான் பாதிக்கு மேல் கொடுத்து முடித்திருந்தேன். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. என்னிடம் யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, தாய் இல்லாத வீடுகளாகப் பார்த்து ஒவ்வொன்றாய்ப் போய்ப் பேனையால் திருத்திவிட்டு வந்தார். ஏன் இந்த வேலை என்று நான் சலித்துக்கொண்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

"உதிலை உன்ரை கடைப்பேர் எல்லோ கிடக்குது. சனம் விரதத்தைத் தவறவிட்டால் உன்னைத்தானே திட்டும்."

அவரிடம் ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் இருந்தது. அவருடைய தகப்பனார் வாங்கியது. ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியர். முன் ஆசனம் பிரிவில்லாத ஒரே நீட்டு வாங்கு. அந்த வாங்குக்காகத்தான் அவர் அந்தக் காரை உயிராக வைத்திருந்தார். மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வாங்கும் அவளுடைய சக்கர நாற்காலியும் ஒரே உயரம். கதவை அகலத் திறந்து நாற்காலியை அணைத்து நிறுத்தினால் கையை ஊன்றி அவளே நகர்ந்து ஏறிக்கொள்வாள். ஒருவரும் தொடவேண்டியதில்லை. அவள் சங்கானைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். வேலை கிடைத்த அன்று தகப்பனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: என்னை ஆட்கள் தூக்கி ஏற்றுவதையும் இறக்குவதையும் பிள்ளைகள் பார்க்கக்கூடாது. பன்னிரண்டு வருடம் அவர் அதைக் காப்பாற்றினார். இந்த நாட்டில் இன்னொரு கார் வாங்குவதென்பது எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பிறப்பில் நடக்கிற காரியமில்லை. ஆகவே இந்தக் கார் ஓடவேண்டும். அவருடைய கவலை முழுவதும் அதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காரில் என் கடைக்கு வருவார். ஒயில் மாற்றுகிற முறை அது. சாம்பல் நிறக் காரை வேப்பமரத்தின் கீழே நிறுத்திவிட்டு வந்து முக்காலியில் உட்காருவார். ஒயிலைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நான் கணக்குக் கொப்பியை மூடிவிடவேண்டியதுதான்.

பழைய எஞ்சினுக்குள்ளே காம் சாஃப்ட் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. அதிலுள்ள மேடுகள் தப்பெற் என்கிற சின்ன உருளைகளை நேராக உரசித்தான் தூக்குகின்றன. இரும்போடு இரும்பு. ஒயிலில் இருக்கிற சிங்க், பள்ளிக்கூடத்தில் நாகம் என்று நாங்கள் படித்தது, அந்த இரண்டுக்கும் நடுவில் மெல்லிய படையாகப் படிந்து தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். புதுக் கார்களுக்கு அவ்வளவு சிங்க் தேவையில்லை. கூடினால் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிக்கிற சாமான் பழுதாகிவிடும். அதனால் கொம்பனிகள் வரவர அதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. குறைத்ததை முன்பக்கத்தில் எழுதமாட்டார்கள். புதுசு, திறமானது என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பின்பக்கத்தில், கடைசி வரிகளில், இரண்டு மூன்று ஆங்கில எழுத்தும் இலக்கமும் மாறியிருக்கும். அந்த எழுத்தைப் பிடித்தால்தான் எஞ்சின் பிழைக்கும்.

இதையெல்லாம் அவர் எந்தக் கொலிச்சிலும் படிக்கவில்லை. வாசித்தே தெரிந்துகொண்டார். கடைசியில் அவர் தெரிவு செய்தது லொறிகளுக்கென்று வருகிற ஒரு ஒயில். மலையேறுகிற லொறியின் படம் போட்ட நாலு லீற்றர்க் கான். அதில்தான் சிங்க் போதிய அளவு இருந்தது. காருக்கு லொறி ஒயில் வாங்குகிறவர் என்று கடையில் நிற்கிற இளந்தாரிகள் அவரைப் பகிடி பண்ணுவார்கள். விலை கூடின ஒயில் தன்னுடைய காருக்கு நஞ்சு என்று பொறுமையாக விளங்கப்படுத்துவார். அவர்கள் பந்தயக் காரின் படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஏன் இப்படி எதையும் நம்பாத மனிதராக ஆனார் என்பதை ஒரே ஒரு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு மழை நாள், கடையில் வேறு ஒருவரும் இல்லை.

யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் ஒரு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஒயில் கிடைப்பதே அரிது. தெரிந்த ஒருவர், கப்பலில் வந்த புது ஒயில் என்று சொல்லி ஒரு கான் கொடுத்தார். வாய்ச்சொல்லை நம்பி இவர் வாங்கி ஊற்றிவிட்டார். அது யாரோ லொறியிலிருந்து கழித்த ஒயிலை வடித்து ஒரு பழைய கானில் நிரப்பியது; பின்பக்கத்தில் பல வருடத்துக்கு முந்திய திகதி இருந்தது. கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் வீட்டு முற்றத்தில் செல் விழுந்து வெடித்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது. முதுகில் காயம். அவளை அந்த முன் வாங்கில் கிடத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். ஆனைக்கோட்டைக்குக் கிட்ட எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிறகு ஒரு தள்ளுவண்டியில் வைத்து, குண்டும் குழியுமான வீதியால் தள்ளிக்கொண்டு போனார்.

"முதுகுநரம்பு அப்பவே அறுந்திருக்கும் எண்டுதான் டொக்டர் சொன்னவர்," என்றார். மழையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாது தம்பி. அண்டைக்கு அந்தக் கானை நான் ஒருக்காத் திருப்பிப் பாத்திருக்கலாம்," என்றார்.

அதன்பிறகு நான் அவரைச் சந்தேகப் பிராணி என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவர் என்னை நம்பினார். அதற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடை திறந்த முதல் வருடம் அவர் ஒரு கானைப் பின்பக்கம் வாசித்து முடித்து, எல்லாம் சரி என்று மேசையில் வைத்தார். நான் மூடியைக் கவனித்தேன். முத்திரை வளையம் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதை எடுக்கவேண்டாம் அண்ணை, யாரோ நிரப்பியது, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அந்தப் பெட்டி முழுவதையும் உள்ளே தூக்கி வைத்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து வேறு கடைக்குப் போகவில்லை.

பிறகு அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. தூரத்துப் பார்வைக்குக் குறைவில்லை, காரை மெதுவாக ஓட்டுவார். கிட்டத்துச் சின்ன எழுத்துத்தான் கலங்கிப்போனது. பூதக்கண்ணாடியாலும் முடியவில்லை. ஒரு நாள் கானை என் பக்கமாகத் தள்ளி, நீ வாசி தம்பி என்றார். வாசித்தேன். தலையைச் சரித்து ஒவ்வொரு எழுத்தையும் வாங்கிக் கேட்டார். கடைசியில், எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நீ சொன்னால் சரி என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. மருந்துச் சிட்டையைக்கூட மூன்று பேரிடம் காட்டுகிற மனிதர் என் வாயை நம்புகிறாரே என்ற பெருமை.

நாலு வருடம் இப்படி. அதே கான், அதே வரிகள். முதல் வருடம் விரல் வைத்து வாசித்தேன். இரண்டாம் வருடம் மனப்பாடமாகிவிட்டது. அதற்குப் பிறகு கான் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் தேவாரம் மாதிரி ஒப்புவித்துவிடுவேன். அவர் தலையாட்டுவார். எனக்கு நேரம் மிச்சம்.

இனி அந்தச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன்.

பழைய காம் சாஃப்ட் தேய்ந்து, தப்பெற் சத்தம் வரத் தொடங்கியிருந்தது. புதியதொன்று இங்கே எங்கும் கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், சீலைகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து மானிப்பாயில் ஒரு மெக்கானிக்கிடம் எஞ்சினை முழுவதும் இறக்கிச் செய்வித்தார். எல்லாம் பூட்டி முடித்து ஒயில் மட்டும் ஊற்றவேண்டியிருந்தது. அன்று பஸ்ஸில் வந்தார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் முன்பு பார்த்ததில்லை. கழுத்துப் பொத்தான்கூடத் திறந்திருந்தது.

"புதுக் காம் தம்பி. முதல் அரை மணித்தியாலம்தான் அதின்ரை தலையெழுத்து. ஒயில் சரியெண்டால் பிள்ளை பென்சன் எடுக்கும்வரைக்கும் ஓடும்."

அந்தக் கிழமைதான் புதுச் சரக்கு வந்திருந்தது. அதே பெயர், அதே மலை, அதே லொறி. கானின் மூலையில் மட்டும் ஒரு புது நட்சத்திரம். நான் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கொழும்பு ஆளோடு ரயர் விலை கதைத்துக்கொண்டிருந்தேன். அவரைக் காக்கவைக்கக்கூடாது என்று ஒரு கானை எடுத்து மேசையில் வைத்தேன். மறுமுனையில் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு, நாலு வருடமாகச் சொல்லிவந்த வரிகளைச் சொன்னேன். கடைசி எழுத்து, கடைசி இலக்கம் வரைக்கும் ஒன்றும் விடவில்லை.

எல்லாம் இருக்கிறதா என்றார். ஓம் அண்ணை என்றேன்.

"நீ சொன்னாச் சரி."

கானைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் ரயர் விலைக்குத் திரும்பினேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். மறுபடியும் பஸ்ஸில். காரை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு, வெயிலில் வெளியே எடுக்க விருப்பமில்லை என்றார். ஒயில் கேட்டார். வாசிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் தம்பி, பழகினதுதானே என்றார். நம்பிக்கை இன்னும் ஒரு படி ஏறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கடுத்த முறையும் அப்படியே. முக்காலியில் உட்காருவார், என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைத் தொடமாட்டார், கானை வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு வருடத்துக்குக் கிட்ட வந்தபோது, வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் என் கடைக்குள் வந்து வெறும் கான் ஒன்றை மேசையில் அடித்து வைத்தார். அவரிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் இருந்தது. லொறி ஒயிலை அவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்; அண்ணையிடம் கேட்ட அறிவை என் அறிவாக விற்றிருந்தேன். உதிலே சிங்க்கைக் குறைத்துவிட்டார்கள், நீர் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டார். கானைத் திருப்பினேன். புதுச் சரக்கு வந்து ஒரு வருடமாகி அன்றைக்குத்தான் அதன் பின்பக்கத்தை முதல்முறை வாசித்தேன். கடைசி வரி மாறியிருந்தது.

வட்டுக்கோட்டைக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம் போதும். நான் போகவில்லை. அவர் வரும்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். காரில் பழுது வந்திருந்தால் அவர் இத்தனை முறை ஒயில் வாங்க வந்திருப்பாரா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை சோறு தின்றேன்.

வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், கானைத் திருப்பாமல் ஒப்புவித்ததைத் தவிர. ஒயிலை மாற்றிவிட்டார்கள், நான் கவனிக்கவில்லை, உங்கள் காருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

"என்ரை காருக்கு ஒண்டும் இல்லை. அது பழைய இரும்பு. இப்பவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டுத்தான் வாறன்."

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிங்க் சரியாக இருக்கிற வேறொரு ஒயிலை எடுத்து, பின்பக்கத்தை விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அவருக்கு வாசித்தேன். முன்பு போலவே தலையைச் சரித்துக் கேட்டார். எல்லாம் இருக்கிறதா என்றும் கேட்டார். வாங்கிக்கொண்டு, போட்டு வாறன் என்று விடைபெற்றுப் போனார்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு அது தெரியாமலா இருந்தது? சனிக்கிழமைகளில் நான் மத்தியானத்தோடு கடை பூட்டுகிறவன். அவர் போனபிறகு கதவை இழுத்துப் பூட்டும்போதுகூட அது என் புத்தியில் ஏறவில்லை. ஏறாதபடி பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

அதன்பிறகும் அவர் தவறாமல் வந்தார். கடைசி இரண்டு முறை நன்றாக இளைத்துப்போயிருந்தார். காலில் ஒரு புண் ஆறவில்லை, கட்டோடு வந்தார். கால் இப்படி இருக்க ஏன் பஸ்ஸில் அலைகிறீர்கள் என்று கேட்டேன். ஒயில் மாற்றுகிற நாள் தப்பக்கூடாது என்றார்.

போன மாசியில் நான் சரக்கு எடுக்கக் கொழும்பில் நின்றபோது அவர் மோசம் போய்விட்டார். செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த மறுநாள் காலை போனேன்.

மகள் விறாந்தையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். வாங்கோ மாமா என்றாள். வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்று வேலை நாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் லீவு தந்திருக்கிறார்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். தான் வேலையை விட்டு ஒன்றரை வருடமாகிறது என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அல்லது அந்த நிமிடத்தில்தான் எல்லாம் விளங்கியது. அவள் கையால் கார் நிறுத்துகிற கொட்டிலைக் காட்டினாள். போய்ப் பார்த்தேன். கார் நாலு கல்லில் நின்றது. முன் மூடி திறந்தபடி, உள்ளே எஞ்சின் இருந்த இடம் வெறுமையாக. சுவரோரமாக ஒரு பலகையில் என் கடையின் கான்கள். ஏழு கான். மூன்றில் லொறிப் படம். நாலு, பிறகு நான் வாசித்துக் கொடுத்தவை. ஒன்றின் முத்திரையும் உடைக்கப்படவில்லை.

திரும்பி வந்து நான் உட்கார்ந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கணக்கை வரிவரியாக விளங்கப்படுத்துகிற குரல். அன்று ஒயிலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிடத்துக்குள் சத்தம் மாறியது. திறந்தபோது புதுக் காமின் மேடுகள் இரண்டு வழித்தெடுத்தது போலத் தேய்ந்து, இரும்புத் தூள் ஒயிலோடு எஞ்சின் முழுவதும் ஓடியிருந்தது. கானை மடியில் வைத்து, பின்பக்கத்தைத் தகப்பனுக்கு வாசித்தது அவள்தான். அவர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சரி என்றார்.

ஆறு மாதம் ஓட்டோவில் பள்ளிக்கூடம் போனாள். ஒரு பக்கம் ஓட்டோக்காரரும் மறுபக்கம் தகப்பனும் பிடித்துத் தூக்குவார்கள். பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள். ஒரு நாள் உடுப்பு விலகியது. அதோடு ஓட்டோ ஆசனத்தில் அழுந்தி இருக்கைப் புண்ணும் வந்தது. கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள்.

"உங்களோடை சண்டை பிடிக்க வரவேணும் எண்டு நிண்டனான் மாமா. அப்பா விடேல்லை. நீங்கள் வாசிச்சுப் பாத்துத்தான் தந்தனீங்களாம். எழுத்துச் சின்னன், மாறினது உங்களுக்குப் பிடிபடேல்லையாம். உந்தப் பாரம் எப்பிடியெண்டு தனக்குத் தெரியுமாம், இன்னொருத்தனுக்குக் குடுக்கமாட்டாராம். வாறதை நிப்பாட்டினால் உங்களுக்கு விளங்கிப்போடும் எண்டுதான் போய்ப்போய் வாங்கிக்கொண்டு வந்தவர்."

நான் அந்த மேசையை நினைத்துக்கொண்டேன். கான் மேசையில் நின்றது. லொறிப் படம் என்னைப் பார்த்தபடி இருந்தது. அப்படியென்றால் பின்பக்கம் அவரைப் பார்த்தபடி இருந்திருக்கவேண்டும். எழுத்துத்தான் அவருக்குக் கலங்கல். கானின் எந்தப் பக்கம் தன்னைப் பார்க்கிறது என்பது தெரியாத அளவுக்கு அவர் குருடில்லை.

"நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?" என்று அவள் கேட்டாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் இரண்டு வருடமாக எனக்காகச் சொல்லிவந்தார். நான் தலையாட்டியிருந்தாலே போதும், அவர் கட்டியது அப்படியே நின்றிருக்கும். அவளுக்கு உண்மை சேரவேண்டும் என்று நினைத்துச் சொன்னேனா, என்னால் தாங்க முடியாமல் சொன்னேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"இல்லைப் பிள்ளை. நான் கானைத் திருப்பேல்லை."

அவளுடைய கைகள் சக்கரத்தின் மேல் இருந்தன.

"அப்பா என்னட்டை ஒரு பொய்யும் சொன்னதில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள். பிறகு, "உந்தக் கான்களைக் கொண்டுபோங்கோ," என்றாள்.

மோட்டார் சைக்கிளில் ஒரு தடவைக்கு மூன்று கான்தான் வைத்துக் கட்டலாம். கொக்குவிலுக்கும் வட்டுக்கோட்டைக்கும் மூன்று முறை போய்வந்தேன். இரண்டாவது முறை போனபோது அவள் அதே இடத்தில் இருந்தாள். நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை விறாந்தையில் ஒருவரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது. மிஞ்சியிருந்த ஒரு கானை எடுத்து வந்து படலையைக் கொழுவினேன். பிள்ளை, நான் போட்டு வாறன் என்று சொன்னேன்.